கிணற்று நீரின் உப்பும் மருமகளின் இரத்த அழுத்தமும்

கேள்வி: எங்களுடையது வேதாரண்யம் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். இப்போது மாசி கடந்தால் கரிக்கத் தொடங்கி, வைகாசியில் வாயில் வைக்க முடிவதில்லை. கேன் தண்ணீர் போடும் பையன் பேனா மாதிரி ஒரு கருவியை விட்டுப் பார்த்து 1,840 என்று சொன்னான். குழாயில் கொள்ளிடம் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒருமுறை வருகிறது. அதில் மருந்து வாடை அடிப்பதால் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் கிணற்று நீரையே காய்ச்சிப் பயன்படுத்துகிறோம். மருமகளுக்கு இது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்தில் பிரஷர் ஏறிக் குறைமாதத்தில் பிள்ளை எடுத்தார்கள். போன வாரம் 134/86 இருந்தது, சிறுநீரில் லேசாக உப்பு இருக்கிறது என்று நர்ஸ் சொன்னார். இதற்குக் காரணம் தண்ணீரா? உப்பையே நிறுத்திவிடலாமா? என் வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், ஃபைபர் படகில் போகிறார். வெயிலில் தலைசுற்றலாக இருக்கிறது என்கிறார். போன மாதம் சூரை மீன் சாப்பிட்டு வீட்டில் மூன்று பேருக்கு முகம் சிவந்து அரிப்பு வந்தது. கடல் சூடாகிக்கொண்டே போவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறான் மகன். அப்படியா, டாக்டர்?

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். கடல், வானிலை எல்லாம் பிறகு. முதலில் மருமகளைப் பார்ப்போம்.

134/86 என்பது இன்னும் எல்லையைத் தாண்டவில்லை. கர்ப்பிணிகளுக்கு 140/90-ஐத் தொட்டால் உயர் இரத்த அழுத்தம் என்று எடுத்துக்கொள்வோம். 160/110-ஐத் தொட்டால் அது அவசரநிலை. ஆனால் தலைப்பிரசவத்தில் ஒருமுறை ஏறிய பெண்ணுக்கு மறுமுறையும் ஏறுவதற்கு வாய்ப்பு அதிகம். அதனால் மாதாந்திரப் பரிசோதனை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வாரம் ஒருமுறையாவது ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அழுத்தமும் சிறுநீரும் பார்த்து, அட்டையில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு நிலையங்களில் கர்ப்பிணிகளை மருத்துவர் பார்க்கும் நாள். அன்று முதல் பிரசவத்தின் காகிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். "போன தடவை பிரஷர் வந்தது" என்று வாயால் சொல்வதைவிட, எத்தனையாவது வாரத்தில் எவ்வளவு ஏறியது என்ற காகிதம் மருத்துவருக்கு உதவும்.

விடாத தலைவலி, கண் மங்குவது அல்லது மின்னல் வெட்டுவதுபோலத் தெரிவது, மேல்வயிற்றில் வலி, ஒரே நாளில் முகமும் கையும் வீங்குவது, குழந்தையின் அசைவு குறைவது: இவற்றில் ஒன்று வந்தாலும் 108-க்கு அழைத்துவிடுங்கள். இரவு இரண்டு மணியானாலும் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். வலிப்பு வந்த பிறகு ஓடுவதற்கும் வருமுன் போய்ச் சேர்வதற்கும் இடையில் இரண்டு உயிர்கள் இருக்கின்றன. வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி விலை மலிந்தது. ஆனால் அது மருத்துவமனையில்தான் இருக்கிறது.

செவிலியர் "சிறுநீரில் உப்பு" என்று சொன்னது ஆல்புமின் என்ற புரதத்தை. நம் ஊர்களில் எல்லாரும் அதை உப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். சாப்பாட்டு உப்பு சிறுநீரில் இறங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். லேசாக இருந்தால் மறுபடி ஒருமுறை, சுத்தம் செய்துகொண்டு நடுவில் பிடித்த சிறுநீரில் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப்படுதல் கலந்தாலும் அப்படிக் காட்டும்.

இனி தண்ணீர். உங்கள் கேள்வியை அப்படியே கேட்டவர்கள் வங்கதேசத்தில் இருக்கிறார்கள். அங்கே குல்னா மாவட்டத்தில் டாகோப் என்ற பகுதி, வங்கக் கடலுக்கும் சுந்தரவனக் காடுகளுக்கும் அருகே, ஆறுகளால் சூழப்பட்ட தாழ்நிலம். 2009-ல் ஐலா புயல் அங்கே கரைகளை உடைத்துக்கொண்டு உப்பு நீரை ஊருக்குள் விட்டது. அதற்கும் முன்பிருந்தே அங்குள்ள மருத்துவமனைக்குக் கோடையில் வரும் கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் அதிகமாக இருப்பது கவனத்துக்கு வந்திருந்தது. 2008 முதல் 2010 வரையிலான பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் கர்ப்பிணிகளில் 5.1 விழுக்காட்டினருக்கு உயர் அழுத்தம்; வறண்ட காலத்தில் 12.2 விழுக்காட்டினருக்கு. அதே ஊர், அதே மருத்துவமனை. பருவத்தோடு மாறியவற்றில் முக்கியமானது தண்ணீர். வறண்ட மாதங்களில் அவர்கள் குடிக்கும் நீர் வழியாக மட்டுமே நாளொன்றுக்கு 5 முதல் 16 கிராம் சோடியம் உடலுக்குள் போனதாகக் கணக்கிட்டார்கள். மழைக்காலத்தில் அது 0.6 முதல் 1.2 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு, சாப்பாடு உட்பட மொத்தமாகவே 2 கிராமுக்குள் சோடியம் இருக்க வேண்டும் என்கிறது. 2014-ல் அதே பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை ஒப்பிட்டு இன்னோர் ஆய்வு வந்தது. நீரில் உப்பு ஏற ஏற, கர்ப்பகால அழுத்தமும் வலிப்புக்கு முந்தைய நிலையும் படிப்படியாக அதிகரிப்பதை அது காட்டியது.

உங்கள் கிணற்றுக்கு வருகிறேன். அந்தப் பையன் விட்ட கருவி நீரில் கரைந்திருக்கும் எல்லாப் பொருள்களையும் சேர்த்து லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 500 வரை இருந்தால் நல்லது என்கிறது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. 1,840 என்பது இரண்டாவது வரம்புக்குள் வந்துவிடுகிறதே என்று யாராவது சொல்லலாம். ஆனால் உங்களுக்குத்தான் வேறு நீர் குழாயில் வருகிறதே! அந்த 1,840 முழுக்கக் கடல் உப்பாக இருந்தால் அதில் சோடியம் ஏறக்குறைய 550 மில்லிகிராம். குடிப்பதும் குழம்பிலும் சோற்றிலும் சேர்வதுமாக ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டால், சோடியம் 1.65 கிராம். இதைச் சாப்பாட்டு உப்பாக மாற்றிச் சொன்னால் நான்கு கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்பு போதும் என்று நாங்கள் சொல்லும்போது, சமையலில் ஒரு கல் உப்பு போடும் முன்பே உங்கள் மருமகளின் கணக்கில் நான்கு கிராம் முடிந்திருக்கும்.

உங்கள் கிணற்றில் சுண்ணாம்பு, மெக்னீசியம் போன்ற கடினத் தன்மையும் இருக்கும் என்பதால் உண்மையான சோடியம் இதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அதை அந்தப் பேனா பிரித்துச் சொல்லாது, ஆய்வகத்தில்தான் தெரியும். ஆனாலும் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறோம் என்பதற்கு இந்தக் கணக்கு போதும். நாக்கை நம்ப வேண்டாம். கரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்போது நாக்கு பழகிவிடும். தை மாதத்தில் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லும் நீரை வெளியூர்க்காரர் ஒருவர் துப்பிவிடுவார்.

ஆக, மருமகளின் அழுத்தத்துக்குக் காரணம் தண்ணீர்தானா? ஒரு பெண்ணைக் காட்டி இது தண்ணீரால் வந்தது என்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நச்சுக்கொடி உருவாகும் விதம், முந்தைய பிரசவம், குடும்பத்தில் சர்க்கரையும் அழுத்தமும், உடல் எடை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. இருந்தும் இந்தக் காரணங்களில் நாளைக் காலையே உங்கள் கையால் மாற்றக்கூடியது தண்ணீர் ஒன்றுதான்.

காய்ச்சிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கிருமிக்கு அது மிகச் சரி. உப்புக்கோ நேர்மாறு: நீர் ஆவியாகிப் போகும், உப்பு அடியில் தங்கும், ஒரு குடத்தைக் காய்ச்சிச் சுண்ட வைத்தால் கரிப்பு கூடும். தேற்றாங்கொட்டையை உரசினால் கலங்கல் தெளியும், படிகாரமும் அப்படியே. கரைந்த உப்பை இரண்டும் தொடாது. துணியில் வடிகட்டுவதும் உப்புக்கு உதவாது. ஆனால் அந்தத் துணியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. வங்கதேசத்தில் மத்லாப் என்ற இடத்தில் பழைய சேலையை நான்கு மடிப்பாக மடித்துக் குளத்து நீரை வடிகட்டச் சொன்னார்கள்; காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி கடலோர நீரில் கண்ணுக்குத் தெரியாத சிறு மிதவை உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது, சேலைத் துணி அந்த உயிரிகளைப் பிடித்துவிடுகிறது என்பதுதான் சூட்சுமம். புயல் வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்ச விறகும் கேஸும் இல்லாமல் தவிக்கும் நாளில் இதை நினைவில் வையுங்கள்.

உங்கள் வீட்டில் நடப்பதைத் தலைகீழாக மாற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கொள்ளிடம் தண்ணீரைத் துவைக்க ஊற்றிவிட்டுக் கிணற்று நீரைக் குடிக்கிறீர்கள். குழாய் நீர் குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். கிணற்று நீர் துவைக்க, கழுவ, குளிக்க. மூன்று நாளுக்கு ஒருமுறை வந்தாலும் குடிக்கச் சமைக்க ஆளுக்கு ஐந்து லிட்டர் வீதம் பிடித்து மூடி வைப்பது முடியாத காரியமில்லை. மருந்து வாடை குளோரின். வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி மெல்லிய துணியால் மூடி இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும். பிறகு மண்பானைக்கு மாற்றி, நீளக் காம்புள்ள அகப்பையால் எடுங்கள். கையை உள்ளே விட வேண்டாம். எல்லாருக்கும் போதாத நாளில் மருமகளுக்கு முதல் பங்கு, அடுத்து அழுத்த மாத்திரை சாப்பிடும் உங்கள் வீட்டுக்காரருக்கு. கடலோர வீடுகளில் பெரும்பாலும் இது நேர்மாறாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன்: நல்ல தண்ணீர் விருந்தாளிக்கும் வேலைக்குப் போகும் ஆணுக்கும், கிணற்று நீர் வீட்டிலிருக்கும் பெண்ணுக்கும். கர்ப்ப காலத்திலாவது இதை மாற்றுங்கள்.

கேன் தண்ணீர் வாங்கலாமா என்றால், இந்த மூன்று மாதத்துக்கு வாங்கலாம். கேனில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பையனிடமே கருவியைக் கொடுத்து அவன் கேனில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 30, 40 என்று காட்டினால் அது எல்லாத் தாதுக்களையும் உரித்தெடுத்த நீர் என்று பொருள். உப்பு இல்லை என்பது நல்லதுதான். கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து போய்விடுகின்றன என்பது கெட்டது. 2019-ல் வங்கதேசக் கடலோரத்திலேயே வந்த ஓர் ஆய்வு என் போன்றவர்களைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. லேசாக உப்புள்ள நிலத்தடி நீரைக் குடித்தவர்களின் இரத்த அழுத்தம், உப்பே இல்லாத நன்னீர் குடித்தவர்களைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது. அந்த நீரில் இருந்த கால்சியமும் மெக்னீசியமும் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். கரிக்கும் நீர் நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை, டாகோப் கணக்கும் பொய்யாகிவிடவில்லை. நீரில் என்ன இருக்கிறது என்பதோடு என்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 150, 200 அளவில் காட்டும் நீர் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே காரணத்தால், அரசு நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரையை மருமகள் விழுங்குகிறாளா என்று பாருங்கள். பல வீடுகளில் அது அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் கட்டுக் கட்டாக இருக்கும். கால்சியம் குறைவாகச் சாப்பிடும் பெண்களுக்குக் கர்ப்பகால அழுத்தத்தைத் தடுப்பதில் அந்த மாத்திரைக்கு நிரூபிக்கப்பட்ட பங்கு உண்டு. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. கால்சியம் சாப்பாட்டோடு, இரும்பு வேறு நேரத்தில். ஆஸ்பிரின் சிறு அளவு மாத்திரை என்று ஒன்றையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது முதல் சில மாதங்களுக்குள் மருத்துவர் சொல்லித் தொடங்க வேண்டியது. ஏழாம் மாதத்தில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அடுத்த கர்ப்பம் என்று ஒன்று வந்தால் மூன்றாம் மாதமே போய்க் கேளுங்கள்.

உப்பை அறவே நிறுத்த வேண்டாம். கர்ப்பகால அழுத்தத்தைத் தடுப்பதற்கென்று உப்பைக் குறைப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை; உப்பில்லாச் சோறு இறங்காமல் பெண் பட்டினி கிடப்பதுதான் மிச்சம். வழக்கமான அளவில் குழம்பு இருக்கட்டும். மிகையை மட்டும் எடுத்துவிடுங்கள்: கரிக்கும் நீரில் ஊறிய பழைய சோற்றில் மேலும் ஒரு கல் உப்பு, தொட்டுக்கொள்ளக் கருவாடு, பக்கத்தில் ஊறுகாய் என்று ஒரே வேளையில் நான்கு வழியில் உப்பு போவதைத்தான் சொல்கிறேன். பழைய சோறு நல்ல உணவு. குழாய் நீரில் ஊற வைத்துத் தயிர் விட்டுக் கொடுங்கள். இந்துப்பும் சோடியம்தான், பேரைக் கேட்டு ஏமாறாதீர்கள். உங்கள் ஊரைச் சுற்றி உப்பளம் இருப்பதால் அளத்து உப்பையே வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டல்லவா? அதில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் வேண்டும். பாக்கெட் உப்புக்கு மாறுங்கள்.

இப்போது உங்கள் மகன் சொன்னது. அவர் சொல்வதில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. மண்ணுக்கடியில் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மோரின் மேல் வெண்ணெய் போல மிதக்கிறது. கடல் நீர் கனமானது, நன்னீர் இலேசானது என்பதால் ஒரு கணக்கு உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும். மோட்டார் போட்டு மேலே அரை மீட்டர் குறைத்தால், கீழிருந்து உப்பு நீர் 20 மீட்டர் ஏற இடம் கொடுக்கிறோம். ஏற்றம் இறைத்த காலத்தில் ஒரு நாளில் எடுத்ததை மோட்டார் சில நிமிடங்களில் எடுத்துவிடுகிறது. கடைமடைக்குக் காவிரி வருவது குறைந்தது, இறால் பண்ணைகளில் உப்பு நீரைக் கட்டி நிறுத்துவது, 2004 ஆழிப்பேரலையும் 2018 கஜாவும் உள்ளே கொண்டுவந்து விட்டுப்போன கடல் நீர் எல்லாம் இந்தக் கிணற்றுக்குள் இருக்கின்றன.

இதற்கு மேலேதான் கடல் மட்டம் வருகிறது. புவி வெப்பமடைவதால் சேரும் கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. சூடான நீர் விரியும். பனிப்பாறைகள் உருகியும் நீர் சேரும். வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் வீதம் மட்டம் உயர்ந்திருக்கிறது. இருபத்தைந்து ஆண்டில் நான்கு விரற்கடை. கரையில் நின்று பார்த்தால் தெரியாது. ஆனால் கடலோடு சமமட்டத்தில் கிடக்கும் உங்கள் ஊரில், புயல் அலை உள்ளே வரும் தூரத்தையும் நிலத்தடியில் உப்பு நிற்கும் கோட்டையும் அந்த நான்கு விரற்கடை நகர்த்திவிடும். மகனிடம் சொல்லுங்கள்: கடலைக் குறைக்க உங்களால் முடியாது, மோட்டாரைக் குறைக்க முடியும். கிணற்றில் உறிஞ்சு குழாயின் அடிமுனையை மேலே தூக்கிக் கட்டி, விட்டு விட்டு இறைத்தால் மேல் நீர் மட்டும் வரும். அண்டை வீட்டார் நான்கு பேர் ஆழ்துளை போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தால் உங்கள் ஒரு வீட்டின் கட்டுப்பாடு போதாது என்பதும் அவருக்குத் தெரியட்டும்.

ஐப்பசி மழை மருமகளின் பிரசவத்துக்கு முன்னால் வந்து சேராது. ஆனாலும் அடுத்த கோடைக்காக இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். 100 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 90 லிட்டர் விழும். உங்கள் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்தால், சின்ன தகரக் கூரையோ ஓட்டுக் கூரையோகூட ஒரு கர்ப்பிணிக்குக் கோடை முழுவதும் குடிக்கவும் சமைக்கவும் தேவையான 500 லிட்டரை ஒன்றிரண்டு நாளில் தந்துவிடும். முதல் மழையில் கூரை கழுவப்படட்டும், அதைப் பிடிக்க வேண்டாம். கீற்றுக் கூரை நீரும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை நீரும் வேண்டாம். தொட்டியின் வாயையும் வழிகுழாயையும் கொசுவலையால் கட்டுங்கள். இல்லையென்றால் உப்புக்குப் பதில் டெங்குவை வாங்கிக்கொள்வீர்கள். குடிக்கும் முன் காய்ச்சுங்கள். காய்ச்சுவது இங்கேதான் பலன் தரும்.

சூரை மீன் விஷயத்தில் கடலின் மேல் பழி போட வேண்டாம். பிடித்த சூரையை ஐஸில் வைக்காமல் படகிலோ கூடையிலோ சில மணி நேரம் வெயிலில் விட்டால், அதன் சதையில் உள்ள ஒரு பொருளைக் கிருமிகள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவப்பது, அரிப்பு, தலைவலி, படபடப்பு எல்லாம் அதனால் வருபவை. எவ்வளவு கொதிக்க வைத்தாலும், வறுத்தாலும், கருவாடாக்கினாலும் ஹிஸ்டமின் அழியாது. இது மீன் ஒவ்வாமையும் இல்லை. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வந்ததே அதற்குச் சாட்சி. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களைக் கடலிலேயே ஐஸில் போடச் சொல்லுங்கள். வெயில் கூடக் கூட இதற்குக் கிடைக்கும் அவகாசம் குறைகிறது என்ற அளவில் மட்டும் மகன் சொல்வதை ஏற்றுக்கொள்ளலாம்.

கடலோடு நேரடியாகத் தொடர்புள்ள மீன் நஞ்சு வேறொன்று இருக்கிறது. பவளப்பாறைகளில் படரும் ஒருவகை நுண்பாசியின் நஞ்சு சிறு மீனில் தொடங்கிப் பெரிய மீனில் சேர்ந்து நிற்கும். 2016-ல் மங்களூரில் சங்கரா வகைப் பெரிய மீனைச் சாப்பிட்ட பலருக்கு ஒரே நேரத்தில் இது வந்தது. வாயைச் சுற்றி மரத்துப்போவது, குளிர்ந்த நீர் பட்டால் சுடுவதுபோலத் தோன்றுவது இதன் அடையாளம். பவளப்பாறை மீனின் தலையையும் ஈரலையும் கர்ப்பிணிக்குத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் அன்றாடம் கிடைக்கும் மத்தி, நெத்திலி, காரப்பொடி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம்.

உங்கள் வீட்டுக்காரரின் தலைசுற்றலை அலட்சியம் செய்யாதீர்கள். அவர் சாப்பிடும் அழுத்த மாத்திரையில் நீர் பிரியச் செய்யும் மருந்து கலந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த மருந்தைப் போட்டுக்கொண்டு விடியற்காலை புறப்பட்டு உச்சி வெயிலில் திரும்பினால், வியர்வையும் சிறுநீருமாக இரண்டு வழியில் நீர் போய், எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கும். மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது. நேரத்தையோ அளவையோ மருத்துவர் மாற்றிக் கொடுப்பார். உட்கார்ந்தும் நின்றும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கடல் சூடாக ஆகக் காற்றில் ஈரம் கூடுகிறது. ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்தப் புழுக்கத்தில் வியர்வை வழியும், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. படகில் நிழலுக்கு ஒரு தார்ப்பாய், குடிக்கக் குழாய் நீர் ஐந்து லிட்டர், தலையில் நனைத்த துண்டு. கடல் நீரை உடம்பில் ஊற்றிக்கொள்ளலாம், வாயில் ஊற்றக் கூடாது. கூட வருகிறவர் யாராவது உளறத் தொடங்கினால், தள்ளாடினால், அது வெப்பவாதம்: உடனே நீர் ஊற்றிக்கொண்டே கரை திரும்பி 108-ஐ அழைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கிணற்று நீரைக் கொடுத்து சோடியம், குளோரைடு, கடினத்தன்மை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை வைகாசியில், இன்னொரு முறை மார்கழியில். இரண்டு காகிதங்களில் ஒரு பிரதி மருமகளின் தாய் சேய் நல அட்டைக்குள் இருக்கட்டும். மருத்துவர்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்போம், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்று கேட்க மாட்டோம், நீங்களாக நீட்டுங்கள். வைகாசிக் காகிதத்தின் பிரதியை ஆகஸ்ட் 15 கிராம சபையில் கொடுத்து, குழாய் நீர் கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது வர வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் இன்னும் எத்தனை கர்ப்பிணிகள் இருக்கிறார்கள் என்பது கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இருக்கும். அவரையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள்.